சாம்பிள் சாரும் மணக்காத மீனும்

புனே பக்கத்துத் தேஹு ரோடு பஜாரில் இருக்கும் சாமான்கள் எல்லாம் இரண்டே வகைதான். சாம்பிள் சார் ரிஜெக்ட் பண்ணியது ஒன்று. சாம்பிள் சார் இன்னும் பார்க்காதது ஒன்று. மூன்றாவதாக ஒரு வகை தன் கடையில் இருப்பதாக எந்த வியாபாரியாவது சொன்னால், அவர் இன்னும் கடையே திறக்கவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் மட்டும் வரும். பஜாரில் தக்காளி விற்கும் மராட்டிக்காரம்மா முதல் ஷேர் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அவர் சாம்பிள் சார்தான். பட்டாளத்து டிப்போவில் காலமெல்லாம் சாமான் சோதிக்கிற வேலை பார்த்தவர். கயிறு, கூடாரத் துணி, பூட்ஸ் என்று லோடு வந்து இறங்கும். அதிலிருந்து ஒன்றை உருவி, இழுத்து, வளைத்து, முகர்ந்து பார்த்து, பாஸா ரிஜெக்டா என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு வழியனுப்பினார்களாம். கழுத்தில் விழுந்த மாலைக்குள் விரலை விட்டு நடுப்பூவை உருவிப் பார்த்துவிட்டு, "உள்ள வாடல்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். டிப்போ அவரை விட்டது. அவர் டிப்போவை விடவில்லை.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"எந்த யாவாரியும் நல்லதத்தான் மேல வைப்பான், வே. சாம்பிள்னா நடுவுலேருந்து எடுக்கணும்."

எடுப்பார். தக்காளிக் குவியலின் நடுவில் கை போகும். குவியல் சரியும். தக்காளிகள் பஜார் முழுக்க உருளும். "காகா, வர்ச்ச க்யா நா!" என்று அந்த அம்மா மேலே இருப்பதை எடுக்கச் சொல்லிக் கத்துவார். சார் கையில் இருக்கும் ஒற்றைத் தக்காளியை வெயிலில் பிடித்துப் பார்த்து, "ரிஜெக்ட்" என்பார். ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் நான்கு பக்கமும் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். டயரைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினால் அதில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அவரைக் கண்டால் குலை நடுங்கும்.

வெறும் பாஸ் என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதிகபட்சப் பாராட்டு "நிபந்தனையோட பாஸ்". அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், அவர்களே ஒருமுறை சொன்னார்கள்: "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பவே அப்படித்தான் தம்பி. கேசரி நல்லாயிருக்கான்னு எங்க அப்பா கேட்டாரு. இவுக தட்டுல நடுவுல குழி தோண்டிப் பாத்துட்டு, 'நெய் மேலாப்புல மட்டும் இருக்கு'ன்னு சொல்லிட்டாக. எங்க கல்யாணமே நிபந்தனையோட பாஸ்தான்."

நான் காஜா. இந்தப் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கடையநல்லூரிலிருந்து மாமா கடைக்கு ஒத்தாசையாக வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். எனக்குக் கவலை என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். ஷட்டரை இழுத்துப் பூட்டி வீட்டுக்குப் போவேன். பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பூட்டிப் பார்த்ததில் பூட்டு தேய்ந்துவிட்டதோ என்று மறுபடியும் ஒருமுறை வருவேன். ஒருவருக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தால், பாவம், அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்குமோ என்று அன்றைக்கெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவன் பூனைச் சாப்பாடு விற்க ஆரம்பித்ததே தப்பு. மனுசனுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வந்து சண்டையாவது போடுவான். பூனை எங்கே போய்ச் சொல்லும்?

ஆனாலும் பக்கத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வீட்டுக்கு ஒரு பூனை. தினமும் யாராவது கேட்டார்கள். ஒரு பெரிய மூட்டை டிரை ஃபுட் வாங்கி, வாயைப் பிரித்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் ஆளாக வந்து நின்றவர் சாம்பிள் சார்.

"என்னவே இது?"

"பூனைச் சாப்பாடு சார்."

"பூனைக்குச் செஞ்சதா, பூனையில செஞ்சதா?"

எனக்கு அந்த ஒரு கேள்விக்கே வேர்த்துவிட்டது. யாருக்குத் தெரியும்? மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து எழுத்துகளைத் தேடினேன். அதற்குள் சார் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டிக்கொண்டு, தோள்பட்டை வரை மூட்டைக்குள் இறங்கிவிட்டார். அடியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, கையை எட்டிய மட்டும் தள்ளி நீட்டி, என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். இன்னொரு கையால் தன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"மோந்து பாரும்."

"நானா சார்?"

"பின்ன நானா? நான் திருநவேலி சைவப் பிள்ளை வே. முட்டை ஒடஞ்ச பையில வந்த பிஸ்கட்டக்கூடத் தொட மாட்டேன். எனக்கு ஒரு மூக்கு வேணும். உம்ம மூக்கு எப்படி? சளி கிளி உண்டா?"

சளி இல்லை. அதுதான் என் துரதிர்ஷ்டம். முகர்ந்தேன். என்னால் பொய் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்குத் தூக்கம் வராது. "லேசா... பழைய எண்ணெய் வாசம் அடிக்குது சார்" என்றேன்.

"ரிஜெக்ட்."

என் மூட்டையை என் மூக்கே ரிஜெக்ட் செய்துவிட்டது. வாய் பிரித்துக் காற்றாட வைத்தால் சாப்பாட்டில் இருக்கும் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும் என்று சார் விளக்கினார். "தொறந்த மூட்டையில எல்லா ஈயும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு, வே. சீல் போட்ட பாக்கெட்டா வையும். பின்னால தேதி பாத்து வாங்கும்." வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி பாத்திமா கேட்டாள்: "நீங்க கடைய வாயால நடத்துதியளா, மூக்கால நடத்துதியளா?"

அன்றிலிருந்து நான் அவருடைய மூக்கு. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது.

சைவக்காரர் எதற்குப் பூனைச் சாப்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால், காரணம் போக்யா. மராட்டியில் ஆண் பூனையை போகா என்பார்கள், செல்லமாக போக்யா. டிப்போவில் ஒருநாள் பூட்ஸ் லோடு வந்து இறங்கியிருக்கிறது. சார் வழக்கப்படி நடுப்பெட்டியைப் பிரித்து, நடு ஜோடியை எடுத்து, உள்ளே கையை விட்டால், விரலை யாரோ சப்பியிருக்கிறார்கள். கண் திறந்து சில நாளே ஆன குட்டி. பூட்ஸ் ரிஜெக்ட். உள்ளே இருந்தது வீட்டுக்கு வந்தது. இப்போது பதினாலு வயது தாண்டிவிட்டது. காது மடல் கிழிந்து, மீசை வெளுத்து, நடையில் ஒரு ரிட்டையர்டு அதிகாரியின் தோரணை. அதற்கப்புறம் வந்த இளசுகள் இரண்டு. அவை டிரை ஃபுட்டை மிக்சர் மாதிரி நொறுக்கும். போக்யாவுக்கு மட்டும் தனிக் கவனிப்பு.

சாயங்காலமானால் என் கடையில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பூனைச் சாப்பாடு வாங்க யார் வந்தாலும் விசாரணை. பாக்கெட்டைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பார்.

"இதுல எது அதிகமோ அதத்தான் மொதல்ல போடணும். இங்க மொதல்ல என்ன? சோளம். மீனு எங்க இருக்கு? கடேசிக்கு முந்தி. அப்போ மீனு இதுல குடியிருக்கல, வே. எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு."

என் சரக்கைத்தான் சொல்கிறார், வாடிக்கைக்காரருக்கு எதிரிலேயே. நான் கல்லாவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

ஒருநாள் ஒரு அம்மா, பூனைக்கும் சேர்த்து நாய்ச் சாப்பாடு பாக்கெட்டையே எடுத்தார். சார் டின்னிலிருந்து துள்ளி எழுந்தார். அவருடைய இந்தி, தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்தோடு புனே வந்த இந்தி. "பெஹன்ஜி! யே குத்தா கா ஹை வே! பில்லி கா நஹி ஹை வே!" அந்த அம்மா, 'வே' என்பது என்ன மரியாதையோ என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். நாய்க்குப் போதுமானது பூனைக்குப் போதாது. வயிறு நிறையும், உடம்பு தேறாது. கண்ணும் இதயமும்கூடக் கெட்டுப்போகலாம் என்று சொன்னதும் அந்த அம்மா பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். நானும் கவலையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன் யார் யாருக்கெல்லாம் அப்படிக் கொடுத்தேனோ!

இன்னொருவர் குட்டிக்குப் போடுவதையே தன் வயதான பூனைக்கும் போடுவதாகச் சொல்லிவிட்டார். போச்சு. "நீரு இன்னும் ஃபேரக்ஸா சாப்புடுதீரு?" என்று தொடங்கியவர், வயதான பூனைக்குப் பல்லும் சிறுநீரகமும் முன்னைப் போல இராது, மெத்தென்று, ஈரப்பதத்தோடு இருப்பதைக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார். "சரி, இன்னிக்கே மாத்திடறேன்" என்று அந்த ஆள் கிளம்பியபோது சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரே நாள்ல மாத்தக் கூடாது வே, வயித்தால போயிரும். பழசுல கொஞ்சம் புதுசக் கலந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். புது மருமகள வந்த அன்னைக்கேவா அடுக்களச் சாவியக் குடுத்து அனுப்புவோம்?"

அடுக்களை என்றதும் அக்காவின் கதைக்கு வந்துவிடுகிறேன். கதையே அங்கேதான் இருக்கிறது.

போக்யா பூட்ஸோடு வீட்டுக்கு வந்த அன்று அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். சார் வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் நிபந்தனை போட்டவர். அவருக்கு ஒருவர் போட்டது அது ஒன்றுதான். பூனை வீட்டுக்குள் இருக்கலாம், சோபாவில் படுக்கலாம், தலையணையில்கூடப் படுக்கலாம். அடுக்களைக்குள் மட்டும் அதுவும் வரக் கூடாது, அதன் சாப்பாடும் வரக் கூடாது, அந்த வாசமும் வரக் கூடாது. முட்டைகோஸ் வேகிற வாசத்துக்கே ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் அக்கா. அடுக்களையிலேயே ஒரு மூலையில் சாமி அலமாரி. எப்போது போனாலும் திருநீறும் சாம்பிராணியும்தான் மணக்கும்.

சார் அந்த நிபந்தனையைப் பட்டாள உத்தரவு மாதிரி நிறைவேற்றினார். பால்கனியில் ஒரு குட்டி பிரிட்ஜ். பூனைகளுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, துடைக்கத் தனித் துணி, கழுவத் தனிக் குழாய். போக்யாவுக்கான மெத்தென்ற மீன் சாப்பாடு சின்னச் சின்ன பவுச்சில் வரும். பிரித்த பவுச்சில் மிச்சம் இருப்பதை மூடி போட்ட டப்பாவில் அடைத்து பிரிட்ஜில் வைப்பார். வேளைக்கு அதிலிருந்து எடுத்து நேரே தட்டில் போடுவார். ஒருமுறை நான் சாமான் கொடுக்கப் போனபோது பெருமையாகத் திறந்து காட்டினார்.

"மோந்து பாரும்."

முகர்ந்தேன். "ஒண்ணுமே மணக்கல சார்."

"அதான்யா ஸ்டோரேஜ்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "மீனு இருக்கு. ஆனா இருக்கது மீனுக்கே தெரியாது."

போன குளிர்காலத்தில் ஒருநாள் சாம்பிள் சார் கடைக்கு வந்தார். டின்னைக் கவிழ்க்கவில்லை. என்னவே என்று கேட்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பவுச்சுகளில் ஆக மேலே இருந்ததை எடுத்தார். திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

மேலே இருந்ததை!

கல்லாவை விட்டு வெளியே வந்தேன். "சார், அக்காவுக்கு ஏதும்..."

"அவளுக்கென்ன. போக்யா சாப்புட மாட்டேங்கான், வே."

முந்தின நாளிலிருந்து ஒரு வாய்கூட எடுக்கவில்லையாம். நான் விற்ற பவுச்சாக இருக்குமோ? தேதி பார்த்தேனே, சரியாகப் பார்த்தேனா? கவலையில் கடையைப் பாத்திமாவிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் சாரையும், சார் மடியில் போக்யா இருந்த கூடையையும் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் நிக்டிக்கு ஓட்டினேன். அங்கே பூனை நாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் ஒரு மராட்டி டாக்டரம்மா இருக்கிறார். போக்யாவை மேஜையில் வைத்து வெப்பமானியை எடுத்தார். அந்த நிலைமையிலும் சார் கேட்டார்: "டாக்டர்ஜி, இஸ்கா காலிப்ரேஷன் கப் ஹுவா?" அந்த வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்களாம்.

"காகா, ஆப் பில்லி பகடோ" என்றார் டாக்டரம்மா. பூனையைப் பிடித்துக்கொண்டால் போதுமாம்.

நல்லவேளை, என் பவுச் இல்லை. கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையாகி ஆடிக்கொண்டிருந்தன. மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிட்டார். ரத்தம் பார்த்ததில் சிறுநீரகமும் வயதுக்கேற்றபடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதற்கு ஏற்ற பவுச்சை எழுதிக் கொடுத்தார். எங்களை அனுப்பும்போது இந்தியில் நிதானமாகச் சொன்னார்: வலி இனி இருக்காது, ஆனால் சாப்பிட்டாக வேண்டும். வயதான பூனைக்கு மூக்கு மந்தமாகிவிடும், வாசனை தெரிந்தால்தான் பசி வரும். அதனால் வெதுவெதுவென்று சூடாக்கிக் கொடுங்கள். நாளைச் சாயங்காலம் வரை பார்ப்போம். அப்போதும் சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள், குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது.

சார் தலையாட்டினார். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. குழாயை நினைத்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்காமல் போனேன். அக்கா கதவைத் திறந்தார்கள். "வாங்க தம்பி. ரெண்டு பேருமே சாப்புடல. சொதி வச்சிருக்கேன். இவுக சொதிய வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல."

பால்கனியில் சார் குல்லா, ஸ்வெட்டர், மேலே சால்வையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இடது கையை உடம்போடு ஒட்டி இறுக்கி வைத்திருந்தார். எனக்கு உடனே மாரடைப்பு நினைப்பு வந்துவிட்டது.

"சார், கை வலிக்குதா? மூச்சு வருதா?"

"சும்மா இரும் வே. பவுச் இருக்கு."

"எங்க?"

"கக்கத்துல."

சூடாக்குகிறாராம். காலையிலிருந்து அதே வேலை. முதலில் வெயிலில் வைத்திருக்கிறார். டிசம்பர் மாதத்துப் புனே வெயில் வெளிச்சத்துக்கு மட்டும்தான். அப்புறம் இன்வெர்ட்டர் மேல். அப்புறம் டி.வி.க்குப் பின்னால். கடைசியாக கக்கத்தில். நான் பார்க்கவே அந்தப் பவுச்சை வெளியே எடுத்து, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, தட்டில் பிழிந்தார். போக்யா எழுந்து வந்தது. குனிந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து சாரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பறண்டி, மண்ணைப் போட்டு மூடுவதுபோல் மூடிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"ரிஜெக்ட் பண்ணுதான், வே" என்றார் சார். "எத்தன லோடத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒருத்தனுக்கும் இப்படி வலிச்சிருக்கும்னு நெனச்சதே இல்ல."

தட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. "சார், வெந்நீர்ல ரெண்டு நிமிசம் பவுச்சப் போட்டா ஆகிப்போச்சு. இதுக்கு எதுக்குக் கக்கம்?"

"வெந்நி எங்க இருக்கு?" குரலைத் தாழ்த்தினார். "அடுக்களையில. அடுக்கள யாருது? அவ ஒண்ணே ஒண்ணுதான் வே எங்கிட்ட கேட்டா, இத்தன வருசத்துல. அந்த வாசம் உள்ள வரப்பிடாதுன்னு. அதையும் நான் மீறினா நான் என்ன ஆம்பள?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடினேன். பாத்திமா பவுச்சை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, பிரித்து, ஆறாமல் இருக்க எங்கள் ஹாட் பாக்ஸில் கொட்டித் தந்தாள். திரும்பி வந்து பெருமையாக மூடியைத் திறந்தேன். சார் கைக்குட்டைக்கு மேலேயே மூக்கைச் சுளித்தார்.

"என்னவே இது, கல்யாண வீட்டு வாசம்?"

முந்தின நாள் பிரியாணி. பெட்டியைக் கழுவியிருந்தாலும் வெங்காயம் விடுமா?

"வெங்காயம் பூனைக்கு விசம், வே! ரத்தத்தக் கெடுத்துரும்! ரிஜெக்ட்! ரிஜெக்ட்!"

ஹாட் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தேன். இன்னொரு பவுச்சை எடுத்து நானே என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சார் இன்னொன்றைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பால்கனியில் அருகருகே, கையை இறுக்கிக்கொண்டு, அடை காக்கும் கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் என்று டாக்டரம்மா சொன்னது எத்தனை மணியைச் சொன்னாரோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு ரெண்டு பேரும் மீனக் கக்கத்துல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிய?"

அக்கா பால்கனி வாசலில் நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. சார் எழுந்து நின்றுவிட்டார், மேலதிகாரி வந்ததுபோல.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ. இந்த வாசம் ஒனக்கு ஆகாது."

"டாக்டரு என்ன சொன்னாக?"

நான்தான் சொன்னேன்: "சூடா குடுக்கச் சொன்னாங்க அக்கா. வாசனை தெரிஞ்சாத்தான் சாப்புடுமாம்."

அக்கா சாரைப் பார்த்தார்கள். சார் தரையைப் பார்த்தார். அக்கா கையை நீட்டி என் பவுச்சை வாங்கிக்கொண்டார்கள். சமையலறைக்குள் போகிற சத்தமும், அடுப்புப் பற்றுகிற சத்தமும் கேட்டன. நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர். அதற்குள் பவுச்.

"ஏட்டி, ஒன் நிபந்தன..."

"நாந்தான போட்டேன். நானே எடுத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணு செய்யுங்க, அந்தச் சாமி அலமாரி திரைய மட்டும் இழுத்து விடுங்க."

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பவுச்சைக் கத்தரித்து, தட்டில் கொட்டி, உள்ளங்கை மேல் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்தார்கள், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர்கள் மாதிரி. மீன் வாசம் எழும்பியது. சாம்பிராணி வாசத்தை முட்டித் தள்ளிக்கொண்டு அடுக்களை முழுக்க நின்றது. என் மூக்கே கொஞ்சம் பின்வாங்கியது.

அப்போது போக்யா வந்தது. பால்கனியிலிருந்து, கூடத்தைத் தாண்டி, மெதுவாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு. அடுக்களை நிலைப்படிக்கு வந்ததும் நின்றுவிட்டது. பதினாலு வருசமாக அது தாண்டாத நிலைப்படி. நிபந்தனை அதற்கும் தெரிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தது.

"உள்ள வா, வே" என்றார்கள் அக்கா.

வந்தது. முகர்ந்தது. முன்னங்கால் லேசாக அசைந்தது. பறண்டப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சப் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு சப். கண்ணைத் திறந்தால் போக்யா தட்டை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. தட்டு அடுப்பு மேடை வரை போய் முட்டி நின்றது.

சாம்பிள் சார் மூக்கிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே ஒரு பெரிய மூச்சை, மீன் வாசத்தோடு, உள்ளே இழுத்தார்.

"காஜா."

"சார்?"

"பாஸ்."

நான் காத்திருந்தேன். பின்னால் ஏதாவது வரும் என்று. வரவில்லை.

"நிபந்தனை என்ன சார்?"

"ஒண்ணும் கெடையாது வே. சொதி இருக்கு, உக்காரும்."

மூன்று பேரும் அந்த மீன் வாசத்துக்குள்ளேயே உட்கார்ந்து சொதி சாப்பிட்டோம். அன்றைக்குக் குண்டான் நடுவிலிருந்து சாம்பிள் எடுக்காமல் சார் சாப்பிட்டதை அக்கா என்னிடம் கண்ணால் காட்டினார்கள். இப்போது போக்யாவுக்கு மூன்று வேளையும் அக்கா கையால்தான் சூடு. வாசம் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். "அது கெடக்கு தம்பி. வீட்டுல ஆளு இருக்காகன்னு தெரியுதுல்லா" என்றார்கள்.

நாலு நாள் கழித்துச் சாம்பிள் சார் கடைக்கு வந்தார். அன்று காலையில்தான் பவுச்சுகளைக் கோபுரம் மாதிரி, கோணல் இல்லாமல், ஒரு மணிநேரம் மெனக்கெட்டு அடுக்கியிருந்தேன். அவர் அதை மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தார். கை நேராக நடுவுக்குப் போனது. கோபுரம் சரிந்து, பவுச்சுகள் கடை முழுக்கச் சிதறி, இரண்டு மூன்று பஜாருக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போயின. "ரிஜெக்ட்" என்றார், கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்து. நான் தெருவில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஆயிரம் கவலை உள்ள எனக்கு அந்த நேரத்தில் ஒரு கவலையும் இல்லை. யா அல்லா, நான் அடுக்கிக்கொண்டே இருக்கிறேன், இந்த மனுசர் கையால் அது சரிந்துகொண்டே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.